மகளுக்காக நான் நிரப்பிய படிவம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு எங்கள் வீட்டில் எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கியது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் டாக்டரின் தலைக்கு மேலே ஒரு வட்டக் கடிகாரம் மாட்டியிருந்தது. தமிழ்ப் பள்ளியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவளுக்குக் கடிகாரம் இருக்கும் பக்கம் கண் தானாகப் போகும். அந்த நேரத்தில்தான் டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, "உங்க மகளுக்கு இருந்த அறிகுறிகள் எல்லாம் அடங்கிருச்சி. இனிமேதான்..." என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கைகூப்பி, கண்ணீர் விட்டு, "தெய்வம் மாதிரி வந்தீங்க டாக்டர்" என்று சொல்லி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். 'இனிமேதான்' என்பதற்குப் பிறகு என்ன என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வியை முழுதாகப் படிக்காமல் விடை எழுதினால் நான் காதைத் திருகுவேன்.

அப்போது மலாயா சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. மகளுக்கு இருபது வயது. ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். அந்தப் பயிற்சிக்கு அவள் விண்ணப்பித்தாளா, நான் விண்ணப்பித்தேனா என்று யாராவது கேட்டிருந்தால் நான் முறைத்திருப்பேன். முதலில் அவளுக்குத் தூக்கம் போனது. அப்புறம் சாப்பாடு. அப்புறம், சன்னலுக்கு வெளியே நின்று யாரோ அவளுடைய குறைகளை வரிசையாக வாசிப்பதாகச் சொன்னாள். நான் வெளியே போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வாத்துகள் நின்றன. "வாத்துடீ" என்றேன். சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் பயிற்சிப் புத்தகங்களை எல்லாம் கிணற்றுக்குள் போட்டுவிட்டு அதன் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எழுத்து கோணுகிறது. என் கணவர்தான் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினார்.

தெற்கே ஒரு பெரிய மருத்துவமனையில் ஆறு மாதம் வைத்திருந்தார்கள். அங்கேதான் அந்த டாக்டர் ஃபைலை மூடினார். மலாக்காவில் நாங்கள் குடியிருந்த காஜா பெராங் முழுக்க நாங்கள் சொன்னது வேறு: மகள் சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் தங்கித் தையல் படிக்கிறாள். நல்ல பொய்தான். ஒரே ஒரு குறை. அவள் திரும்பி வந்த மறுநாளே தெருவில் இருந்த பெண்கள் ரவிக்கைத் துணியோடு வந்து நின்றார்கள்.

"சிங்கப்பூர் வெட்டு வெட்டித் தரச் சொல்லுங்க டீச்சர்."

பதினோரு துணி. எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு, எங்களைத் தெரியாத ஒரு தையல்காரரைத் தேடி பஸ் ஏறிப் போனேன். தைத்து வந்ததை மகளின் கையில் கொடுத்து, அவள் கையால் எல்லாருக்கும் கொடுக்க வைத்தேன். "சிங்கப்பூர் சிங்கப்பூர்தான்" என்றார்கள்.

மகளோ அமைதியின் உருவமாக வந்திருந்தாள். உட்கார் என்றால் உட்கார்ந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். குளி என்று சொல்ல மறந்துவிட்டால் சாயங்காலம் வரை குளிக்காமல் இருந்தாள். கன்னம் உப்பி, முகம் வெளுத்து, பார்ப்பதற்குச் செல்வம் நிறைந்த வீட்டுப் பெண் மாதிரி ஆகியிருந்தாள். காலையில் ஒரு மாத்திரை, இரவில் இரண்டு. என் கணவர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "வீடு ரொம்ப அமைதியா இருக்கு" என்றார். பாராட்டா, குறையா என்று அவர் குரலில் தெரியாது. அரசாங்க அலுவலகத்தில் இருபது வருஷம் கிளார்க்காக இருந்தவர் அப்படித்தான் பேசுவார்.

முன்பெல்லாம் அவள் இப்படி இல்லை. ஆட்களைப் போலப் பேசிக் காட்டுவாள். எங்கள் தலைமையாசிரியர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு கோபப்படுவது, ரொட்டிக்காரர் மணியடித்துவிட்டு இருமுவது, எல்லாம் அப்படியே வரும். அதிகமாக என்னைச் செய்வாள். "ஒரு டீச்சராகப் போகிற பெண்ணுக்கு இது கூத்தா?" என்று நான் தடுத்துக்கொண்டே இருந்தேன். இப்போது அந்தத் தொல்லை இல்லை. அறிகுறிகளோடு சேர்ந்து அதுவும் அடங்கிவிட்டது. நான் அதையும் குணமானதில் சேர்த்தேன்.

ஒரு நீல நோட்டுப் புத்தகம் போட்டேன். கட்டம் கட்டமாகக் கோடு இழுத்து, மேலே தலைப்பு எழுதினேன்: இரவில் விழித்திருந்தாளா, அழுதாளா, கத்தினாளா, தனியாகப் பேசினாளா, வெளியே ஓடினாளா. தினமும் 'இல்லை' என்று எழுதினேன். நல்ல நாளாக இருந்தால் சிவப்பு மையில். மூன்று மாதத்தில் நோட்டு முழுக்க இல்லை, இல்லை, இல்லை. வேறு யாருடைய நோட்டும் எனக்கு அத்தனை நிறைவைத் தந்ததில்லை.

இந்த நிறைவில் சேராத ஒரே ஆள் பக்கத்து வீட்டு அம்மா. அவர்கள் மலாக்காச் செட்டிகள். எங்களுக்கு முன்பே பல தலைமுறையாக இந்த ஊரில் இருப்பவர்கள். நாங்கள் கும்பிடும் அம்மனைத்தான் அவர்களும் கும்பிடுகிறார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக, வாத்துகளுக்கு நடுவில் நின்று, வேலிக்கு மேல் தலையை நீட்டுவார். என்னை 'சேகு' என்று கூப்பிடுவார். ஆசிரியருக்கு மலாயில் அப்படித்தான் சொல்வது. மகளை ஏற்றிப் போக ஆஸ்பத்திரி வண்டி வந்த அன்று அவர் முற்றத்தில்தான் இருந்தார். அதனால் அவரிடம் சிங்கப்பூர் செல்லாது.

"சூடா பாயேக், சேகு?" என்பார். குணமாகிவிட்டாளா?

"சூடா, சூடா" என்பேன்.

என் மகள் உட்கார்ந்திருக்கும் பக்கம் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, "பெலும்" என்று சொல்லிவிட்டு வாத்துகளைப் பார்க்கப் போய்விடுவார். இன்னும் இல்லை. டாக்டரே ஃபைலை மூடிவிட்ட பிறகு வாத்து வளர்க்கிறவர் இல்லை என்கிறாரே என்று எனக்கு எரியும். வேலியின் சின்னக் கதவைக் கம்பி போட்டுக் கட்டினேன்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து ஊரான புக்கிட் பாருவிலிருந்து வரன் வந்தது. நல்ல குடும்பம், பையன் அரசாங்க வேலை. கோயிலில் என் மகளைப் பார்த்திருக்கிறார்கள். "பக்கத்துல சங்கு ஊதினாங்க, திரும்பிக்கூடப் பாக்கல. இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா!" என்று பையனின் அம்மா சொல்லி அனுப்பினாராம். மகள் சிரித்துப் பேசி, ரொட்டிக்காரர் மாதிரி இருமிக்கொண்டு திரிந்த காலத்தில் ஒரு வரனும் வந்ததில்லை. ஆறு மாத ஆஸ்பத்திரியும் மூன்று மாத்திரையும் சேர்ந்து அவளை ஊர் கேட்கும் மணப்பெண் ஆக்கியிருந்தன. இரண்டு மாதம் கழித்துப் பார்க்க வரச் சொன்னோம்.

மாதா மாதம் மருந்து வாங்க ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த மாதம் அங்கே ஒரு புது மிஸ்ஸி இருந்தாள்; நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தமிழ்ப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். சீமையில் போய் மனநோய் வைத்தியத்துக்கென்றே படித்துவிட்டு வந்தவள் என்றார்கள். தெங்கேராவிலிருந்து சைக்கிளில் வருவாள். ஆஸ்பத்திரியில் யாரும் சிரிக்காத அளவுக்குச் சத்தமாகச் சிரிப்பாள். அவளிடம் நான் நீல நோட்டைப் பெருமையாக நீட்டினேன்.

"என்ன டீச்சர் இது?"

"முன்னேற்ற அறிக்கை."

பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "அழுதாளா, இல்லை. கத்தினாளா, இல்லை. ஓடினாளா, இல்லை. சரி, இவ்வளவு இல்லைக்கு நடுவுல என்னதான் இருக்கு?"

"மாத்திரை இருக்கு" என்றேன்.

சிரித்தாள். "மாத்திரை வேணும் டீச்சர். நிறுத்தவே கூடாது. அது தீயை அணைச்சிருக்கு. ஆனா தீ அணைஞ்ச வீட்டுல மறுநாளே குடியிருக்க முடியுமா? கூரை போடணும், அடுப்பு மூட்டணும், நாலு பேர் வந்து போகணும். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கடிதம் போட்டிருக்காரு. அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தாராம். நீங்க கும்பிடு போட்டுட்டு ஓடிட்டீங்களாம்."

பிறகு மகளின் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். ஐந்து கேள்விகள். இந்த வாரம் எதற்குச் சிரித்தாய்? யாரைப் பார்க்கப் போனாய்? யாரும் சொல்லாமல் நீயாகச் செய்தது என்ன? எதற்குக் கோபம் வந்தது? உனக்கு என்ன வேண்டும்? அடுத்த தடவை வரும்போது எழுதிக் கொண்டுவர வேண்டும்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன், அந்த வருஷம் காஜா பெராங்கில் நான் யார் என்று தெரிய வேண்டும். குடியுரிமைக்கு எல்லாரும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலம். படிவம் நிரப்ப ஆள் வேண்டும். பள்ளி விட்டு நான் வீடு வருவதற்குள் வாசலில் ஆட்கள் நிற்பார்கள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. பேரையும் பிறந்த ஊரையும் மட்டும் கேட்பேன். மீதியை நானே எழுதுவேன். யாருக்கு என்ன தொழில், யாருக்கு எத்தனை பிள்ளை, யார் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார் என்பது அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பெரியவருக்குப் பிறந்த தேதி தெரியவில்லை; பஞ்சாங்கத்தில் நல்ல நாளாகப் பார்த்து நானே ஒன்று போட்டேன். "இங்க ஒரு கையெழுத்து" என்று விரலை வைத்தால் போதும், வைத்த இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ விழும். யாரும் வாசித்துக் காட்டச் சொன்னதில்லை.

அந்தப் பழக்கத்தில், ஒரு சனிக்கிழமை மாலை, இரண்டு குடியுரிமைப் படிவங்களுக்கு நடுவில், என் மகளின் தாளையும் எடுத்து நிரப்பிவிட்டேன்.

எதற்குச் சிரித்தாய்: அளவோடு. யாரைப் பார்க்கப் போனாய்: தேவையில்லாமல் எங்கும் போவதில்லை. நீயாகச் செய்தது: வீட்டு வேலைகள் (அம்மா சொன்னபடி). கோபம்: கடவுள் அருளால் இல்லை. என்ன வேண்டும்: ஒன்றும் வேண்டாம்.

கீழே விரலை வைத்தேன். மகள் கையெழுத்துப் போட்டாள். அவளும் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை.

மிஸ்ஸி அதைச் சத்தமாகப் படித்தாள். "'யாரும் சொல்லாமல் செய்தது: வீட்டு வேலைகள், அம்மா சொன்னபடி.' இது யார் எழுத்து டீச்சர்?"

"என்னோடது. அவ எழுத்து கோணலா இருக்கும்."

"இருக்கட்டுமே." தாளை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். "இதுல இருக்கிற ஆளோட நிலைமை ரொம்ப மோசம். சிரிப்பு இல்ல, போக இடம் இல்ல, கோபம் இல்ல, ஆசை இல்ல. உடனே வார்டுல கட்டில் போடணும். யாரு பேரை எழுதட்டும்? உங்க பேரையா?"

எனக்குக் கோபம் வந்தது. நாலாவது கேள்விக்கு எனக்காவது ஒரு விடை கிடைத்தது.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள். நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவள் மெதுவாக, "தங்கச்சி, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டது காதில் விழுந்தது. மின்விசிறி சுற்றுகிறது. உள்ளே ஓடிப் போய் நானே சொல்லிவிடலாமா என்று தவித்தேன். சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டேன். கடைசியில் என் மகளின் குரல் வந்தது.

"எங்கம்மாவைக் கேளுங்க."

கிணற்று விளிம்பில் அவளைப் பார்த்தபோதுகூட நான் இப்படித் திகைத்து நிற்கவில்லை. அன்றைக்கு அவளை இழுத்துப் பிடிக்க முடிந்தது. இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எதைப் பிடித்து இழுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள், என் கூடவே பஸ்ஸில் வீட்டுக்கு வரப்போகிறாள், ஆனால் உள்ளே ஆள் இல்லை. அந்த ஆள் திரும்பி வருவாளா இல்லையா என்பதுதான் இனிக் கேள்வி. நோட்டில் அதற்கு ஒரு கட்டம்கூட நான் போட்டிருக்கவில்லை.

மிஸ்ஸி ஊர் ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசி, மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைக்க வைத்தாள். வியாழக்கிழமைதோறும் மிஸ்ஸியின் அறைக்கு வரச் சொன்னார்கள். அங்கே நோயாளிகள் ஐந்தாறு பேர் கூடி, என்ன சமைப்பது என்று தாங்களே பேசி, பசாருக்குப் போய் வாங்கி, சமைத்துச் சாப்பிட வேண்டும். "சண்டை போட்டா?" என்று கேட்டேன். "போடட்டும். அதுக்குத்தான் ரெண்டு மணி நேரம் வெச்சிருக்கோம்" என்றாள் மிஸ்ஸி. எனக்குத் தனியாக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். வாரத்தில் ஒரு நாள் காலை, என்ன செய்வது என்று மகளே முடிவு செய்ய வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது.

முதல் ஞாயிறு எட்டு மணிக்கு மகளை நாற்காலியில் உட்கார வைத்து, "ம், முடிவு பண்ணு" என்றேன். பத்தரை வரை உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களே சொல்லுங்கம்மா."

"நான் சொல்லக் கூடாது. ஆனா, அலமாரியில தூசி..."

"ஏய்" என்றார் கணவர், பத்திரிகைக்குப் பின்னாலிருந்து.

இரண்டாவது ஞாயிறும் அப்படியே. அவள் நாற்காலியைப் பார்த்தாள், நான் அலமாரியைப் பார்த்தேன். மூன்றாவது ஞாயிறு ஒன்பது மணிக்கு எழுந்து பின்பக்கம் போனாள். நான் நாலடி பின்னால் போனேன். வேலிக்கதவில் நான் கட்டியிருந்த கம்பியை ஒவ்வொரு முறுக்காகப் பிரித்தாள். ஒரு விரல் கீறி ரத்தம் வந்தது. பிரித்துவிட்டு அந்தப் பக்கம் போய் வாத்துகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு அம்மா தவிட்டுக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். முழங்கால் வரை சேற்றோடு, வாத்து நாற்றத்தோடு திரும்பி வந்தாள். நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில் 'சேறு' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு கெட்ட செய்திகள் வர ஆரம்பித்தன. ஒரு வியாழன் திரும்பி வந்து, "இன்னைக்கு மீன் உப்பு. நான் சொன்னேன், கேக்கல" என்றாள். திரும்பி வந்ததிலிருந்து உப்பைப் பற்றிப் பேசாதவள். பயந்து போய் எழுதி வைத்தேன்: குறை சொன்னாள். இன்னொரு நாள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மா மூச்சு முட்டச் சிரித்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு கிழட்டு வாத்து நடந்து போனது. அதன் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, மூக்குப்பொடியை உறிஞ்சியபடி, எங்கள் தலைமையாசிரியர், என் மகளின் சேற்றுக் காலோடு, நடந்து போனார். ஈரச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இதை எழுதவில்லை. எழுதினால் யாராவது அடக்கிவிடுவார்கள் என்று தோன்றியது.

இப்படி எழுதுவதால் எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெண் பார்க்க வரும் நாள் நெருங்கியது. முதல் நாள் மகள் என்னிடம் கேட்டாள்: "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களாம்மா?"

"எதை?"

"நான் எங்க இருந்தேன்னு."

"தையல்னு சொல்லியிருக்கு. நீ வாயைத் திறக்காதே. நான் பாத்துக்கறேன்."

ஞாயிறு மாலை நாலு மணிக்குப் புக்கிட் பாருவிலிருந்து கார் வந்தது. பையனும் அவன் அம்மாவும். பையன் கோப்பி குடிக்கும்போதுகூடத் தலை நிமிரவில்லை. அவனுக்கும் வீட்டில் யாராவது படிவம் நிரப்புவார்கள் போலிருக்கிறது. என் மகள் தட்டை வைத்துவிட்டு, நான் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா படிக்கிற?" என்றார் பையனின் அம்மா.

"டீச்சர் டிரெயினிங்" என்றேன் நான்.

"சமைப்பியா?"

"எல்லாம் சமைப்பா" என்றேன்.

"பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?"

"அவளுக்கு இதுதான் பிடிக்கும்னு ஒன்னும் கிடையாதுங்க. உட்காருன்னா உட்காருவா, எந்திரின்னா எந்திரிப்பா. கோபம்னா என்னன்னே தெரியாது."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "சிங்கப்பூர்ல தையல் படிச்சாளாமே?"

நான் தொண்டையைச் செருமினேன். ஆனால் செருமல் சத்தம் இரண்டு தடவை கேட்டது. இரண்டாவது என் தொண்டையிலிருந்து வரவில்லை.

"ஆமாங்க" என்றது என் குரல். என் வாய் மூடித்தான் இருந்தது. மகள் ஆட்காட்டி விரலால் மேசையைத் தட்டினாள், நான் கரும்பலகையைத் தட்டுவதுபோல. மூக்கில் இல்லாத கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். "ஆமாங்க. சிங்கப்பூர்ல ஆறு மாசம். அவளுக்கு ஒன்னும் வேண்டாங்க. உட்காருன்னா உட்காருவா. எந்திரின்னா எந்திரிப்பா. சாவி கொடுத்தா போதும். எங்க, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

மேசையில் விரலை வைத்தாள். பையனின் அம்மா அந்த விரலையே பார்த்தார். என் கணவரின் பத்திரிகை ஆடியது. அவர் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

பிறகு என் மகள் கையை மடியில் வைத்துக்கொண்டு தன் குரலில் பேசினாள். நடுங்கித்தான் பேசினாள். "நான் சிங்கப்பூர் போனதே இல்லைங்க. மனசு சரியில்லாம ஆறு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தேன். இப்பவும் மாத்திரை சாப்பிடறேன். எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது."

பையனின் அம்மா கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார். எழுந்தார். என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, நீங்க பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றவங்க" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பையன் மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் திரும்பி, என் மகளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

கார் போன பிறகு நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. மகளும் திருப்பிக் கத்தினாள். "எனக்குக் கோபம் வரும்மா! வரும்!" ஒரு கோப்பை உடைந்தது. பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் அந்த விரலையும் அந்த அம்மாவின் முகத்தையும் நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்று மறுபடி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது. சோறு இருக்கா?" என்றாள். நான் போடவில்லை. உடைந்த கோப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவளே எழுந்து போட்டுக்கொண்டாள். ஊறுகாய் வேண்டும் என்று தேடி எடுத்தாள்.

நோய் திரும்பிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். அழுகை, கத்தல், வேறொருவர் குரலில் பேச்சு, எல்லாம் ஒரே மாலையில். நீல நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டமாக 'ஆம், ஆம், ஆம்' என்று எழுதினேன். அந்த நோட்டில் அதுதான் முதல் ஆம். "தெங்கேராவுக்குப் போய் மிஸ்ஸியைக் கூட்டிட்டு வாங்க" என்று கணவரை விரட்டினேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, இன்னும் தோள் குலுங்க, போனார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு வந்து நின்றார். நான் கையை விரித்தேன். அவர் சமையலறைப் பக்கம் காது கொடுத்துக் கேட்டார். உள்ளே தட்டில் கரண்டி உரசும் சத்தமும் மூக்கை உறிஞ்சும் சத்தமும். 'பெலும்' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வாத்துகளை ஓட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மழை தூறத் தொடங்கியபோது மிஸ்ஸி வந்தாள். சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் நான் நோட்டோடு வாசல் கேட்டுக்கு ஓடினேன். என் கணவர் பின்னால் நனைந்துகொண்டு நின்றார்.

"அழுதா, ஆம். கத்தினா, ஆம். கோப்பையை உடைச்சா. வந்தவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. வேற குரல்ல பேசினா மிஸ்ஸி, முன்னாடி சன்னல்கிட்ட அவளுக்குக் கேட்ட குரல் மாதிரி..."

மிஸ்ஸியின் முகம் மாறியது. சிரிப்பு இல்லை. "யாரோட குரல்?"

"என்னோட குரல்."

"எப்படிப் பேசினா? செஞ்சு காட்டுங்க."

காட்டினேன். மழையில் நின்று, தொண்டையைச் செருமி, கேட் கம்பியை விரலால் தட்டி, கண்ணாடியைத் தள்ளிவிட்டு, என்னைச் செய்துகாட்டும் என் மகளை நான் செய்துகாட்டினேன்.

"அப்படி இல்லம்மா" என்று பின்னால் குரல் வந்தது. கையில் சோற்றுத் தட்டோடு என் மகள் கதவருகே நின்றாள். கண் வீங்கியிருந்தது. "நீங்க இன்னும் கொஞ்சம் மூக்கால பேசுவீங்க."

மிஸ்ஸி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணை, தட்டை, தட்டில் இருந்த ஊறுகாயை. பிறகு என் கையிலிருந்த நோட்டை வாங்கி, மழை படாமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கேட் திறந்துதான் இருந்தது, உள்ளே வரவில்லை.

"தங்கச்சி," என்றாள், "வீட்டுக்கு வந்தவங்களை டீச்சர் எப்படி உள்ள கூப்பிடுவாங்க? அந்தக் குரல்ல என்னைக் கூப்பிடு. அப்பதான் வருவேன்."